'எனி டவுட்ஸ்?' என்று கேட்ட செமஸ்டர்

புள்ளியியலில் பிஎச்.டி. செய்ய அமெரிக்கா போனேன். டி.ஏ. (டீச்சிங் அசிஸ்டென்ட், பேராசிரியருக்குக் கற்பித்தலில் உதவுபவர்) வேலை பார்த்தால் கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் ஓர் உதவித்தொகை. எஃப்-1 விசா என்பதால் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். இதெல்லாம் தெரிந்துதான் போனேன். இளநிலை மாணவர்கள் 25 பேர் எதிரே உட்கார்ந்து வாயே திறக்காமல் என்னைப் பார்ப்பார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

வகுப்பு தொடங்கும் முன் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு ஒன்று, ஒருநாள் பயிற்சி ஒன்று. பயிற்சியில் மனதில் நின்றது ஃபெர்பா என்ற 1974ஆம் ஆண்டுச் சட்டம்தான். பெற்றோரே ஃபோன் செய்தாலும் மாணவரின் மதிப்பெண்ணைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்றார்கள். ரேங்க் கார்டில் அப்பாவிடம் கையெழுத்து வாங்குவதற்காக அவர் தூங்கப்போகும் நேரம் பார்த்து நின்றவனுக்கு இது வேறு உலகம்.

ஐந்தாம் வாரத் தேர்வில் என் செக்‌ஷன் மட்டும் படுத்துவிட்டது. பேராசிரியர் திட்டவில்லை. "டீச்சிங் சென்டரில் யாரையாவது போய்ப் பாருங்களேன்" என்றார். வகுப்பெடுப்பவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்று உதவும் வளாக மையம் அது. எனக்கோ தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பியதுபோல இருந்தது. சீனியர் ஒருவரிடம் கேட்டேன். "போய்ட்டு வாடா, டிபார்ட்மென்டுக்கு எதுவும் போகாது. ஆனா அங்க ஸ்டாட்ஸ் ஆள் யாரும் இல்ல. ஒருத்தங்க ஹிஸ்டரி, ஒருத்தர் டிராமா" என்றார். புள்ளியியல் வகுப்பைச் சரிசெய்ய நாடகக்காரரா?

மையத்திலிருந்து என் வகுப்பைப் பார்க்க முதலில் வந்தவர் இடைக்கால ஐரோப்பிய வரலாற்றில் பிஎச்.டி. முடித்தவர். படிக்கும்போது பல ஆண்டுகள் டி.ஏ.வாக இருந்து, பேராசிரியர் வேலை தேடி அலைவதை விட்டுவிட்டு இதை விரும்பி எடுத்துக்கொண்டவர். கடைசி வரிசையில் உட்கார்ந்து முழு வகுப்பையும் கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: "பி-வேல்யூ சின்னதா இருக்கு, அதனால ரிஜெக்ட்னு சொன்னீங்க. சின்னதுன்னா எதைவிட?" பி-வேல்யூ என்பது, ஒரு கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால் இந்த அளவோ இதைவிடவோ விலகிய தரவு கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்ற எண். அது 0.05க்குக் கீழே போனால் கருதுகோளை ரிஜெக்ட் செய்வோம். அந்த எல்லையை முந்தைய வாரம் ஒருமுறை சொல்லியிருந்தேன். அன்றைக்குச் சொல்லவே இல்லை. என் துறைக்காரர் யாராவது உட்கார்ந்திருந்தால் விட்ட இடத்தைத் தானே மனதில் நிரப்பிக்கொண்டு தலையாட்டியிருப்பார். பாடம் தெரியாதவருக்குத்தான் அந்த ஓட்டை தெரிந்தது.

பிறகு அவரே செமஸ்டர் நடுவில் மாணவர் கருத்து எடுத்துக் கொடுத்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1970களில் உருவான முறை இது. நான் 20 நிமிடம் வெளியே போய்விட வேண்டும். மாணவர்கள் சின்னச் சின்னக் குழுவாகப் பேசி, எது உதவுகிறது, எதை மாற்றலாம் என்று எழுதுவார்கள். யார் சொன்னது என்ற அடையாளம் இல்லாமல் தொகுப்பு நம்மிடம் வரும். காரிடாரில் நின்ற அந்த 20 நிமிடம் வைவாவைவிட மோசம்.

தொகுப்பில் ஒரு வரி புரியவே இல்லை: "தான் சொல்வதை நாங்கள் நம்பவில்லையோ என்று அடிக்கடி கேட்கிறார்." நான் எப்போது அப்படிக் கேட்டேன்? வரலாற்றுக்காரருக்கும் விளங்கவில்லை. பக்கத்து அறையிலிருந்த மொழியியல்காரரைக் கூப்பிட்டார். அவர் சர்வதேச டி.ஏ.க்களுக்குப் பேச்சுப் பயிற்சி தருபவர், வெளிநாடுகளில் ஆங்கிலம் கற்பித்தவர். பார்த்ததும் சிரித்துவிட்டார். "எனி டவுட்ஸ்?" என்கிறீர்களா என்றார். ஆமாம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. நமக்கு டவுட் என்றால் புரியாத இடம். அவர்கள் காதில் அது அவநம்பிக்கை. 'கொஸ்டின்ஸ்' என்று கேட்டால் போதும்.

இன்னொன்றும் பிடித்தார். நான் 'பாராமீட்டர்' என்கிறேன். அங்கே அது 'பராமிடர்', அழுத்தம் 'ரா'வில். அரை செமஸ்டராக என் வகுப்பில் ஏதோ மீட்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது! உச்சரிப்பையே மாற்றச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். புதுச் சொல் வரும்போதெல்லாம் பலகையில் ஒருமுறை எழுதுங்கள், அது போதும் என்றார்.

நாடகக்காரரிடம் கடைசியாகத்தான் போனேன். இந்த மையங்களில் நாடகம் புதிதல்ல என்று அப்புறம்தான் தெரிந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1962இல் தொடங்கிய மையத்துக்கு நாடகக் குழுவே உண்டு. இவர் என் வகுப்பு வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டார். கேள்வி கேட்ட அடுத்த நொடி நான் பலகைப் பக்கம் திரும்பிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும். "முதுகுக்கு யார் பதில் சொல்வாங்க?" என்றார். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களிலேயே இதை அளந்திருக்கிறார்: ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீள்கின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள். மூன்று நொடி சும்மா நிற்பது எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். நான் மேசைக்கடியில் விரல் விட்டு எண்ணினேன்.

எல்லாவற்றுக்கும் அவர்களிடம் மருந்து இல்லை. விடைத்தாள் திருத்தும் வாரங்களில் 20 மணி நேரம் 30ஐத் தொட்டது. அதைச் சொன்னபோது பரிவாகக் கேட்டார்கள், அவ்வளவுதான். அது துறையோடும் தொழிற்சங்கத்தோடும் பேச வேண்டிய விஷயம். அங்கே போக எனக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

அடுத்த செமஸ்டரில் தேர்வுவரை காத்திருக்காமல் மூன்றாம் வாரமே கூப்பிட்டேன். இந்த முறை வகுப்புக்கு வந்தவர் தாவரவியல்.