தகட்டில் இருப்பது மூன்றா, எட்டா?

21 செப்டம்பர் 2025, ஞாயிறு

மகாளய அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் முடித்து, சாப்பிட்டுவிட்டு, அவருடைய ஹெரால்டு காரின் உறையைக் கழற்றினேன். 1968 மாடல். பிறந்த வீடு இங்கிலாந்து என்றாலும், வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனியில் செய்தது. நம்ம ஊர் வண்டி.

50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் வந்த விதிப்படி ‘வி.ஏ.’ எழுத்துள்ள எண் வாங்கலாம். வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் என்று கணக்கு வைத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். நான் எங்கே தினமும் ஓட்டப் போகிறேன்! விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தால், சேஸ் நம்பர், அதாவது வண்டியின் அடிச்சட்ட எண், அடித்த தகட்டைப் படிக்கவே முடியவில்லை.

உள்ளங்கைகூட நிறையாத அலுமினியத் தகடு. அடியில் பல வருஷத்து ஆயில் பிசுக்கு. அதன் மேல், எப்போதோ ஒரு பட்டறையில் தகட்டை மறைக்காமல் அடித்த க்ரீம் கலர் பெயிண்ட். அதற்கும் மேல், ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அம்மா வைத்த சந்தனமும் குங்குமமும்.

“கொஞ்சம் புளி போட்டுத் தேய்டா, பளிச்சுனு வந்துடும்” என்கிறாள் அம்மா. குத்துவிளக்குக்குச் சரி. இது பித்தளை இல்லையே.

22 செப்டம்பர், திங்கள்

கை வைக்கவில்லை. போட்டோ மட்டும் எடுத்தேன். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியவில்லை. தகட்டை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்ததும் எண்கள் நிழல் கட்டி எழுந்தன. ஆறு எண்ணில் ஐந்து தெளிவு. நான்காவது மூன்றா, எட்டா?

24 செப்டம்பர், புதன்

வைப்பர் ரப்பர் வாங்கப் புதுப்பேட்டை போனேன். பேச்சுவாக்கில் தகட்டைப் பற்றிச் சொன்னதும் கடைக்காரர், “நம்பரைச் சொல்லுங்க சார், புதுசே அடிச்சுத் தந்துடலாம்” என்றார், சாவி போட்டுத் தருகிற மாதிரி. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் புதுத் தகடும் புது ரிவெட்டும் போட்ட பழைய வண்டியைப் பார்த்தால் எனக்கே திருட்டு வண்டியோ என்றுதான் தோன்றும். பழைய ரிவெட்டுத் தலைகளும் ஒரு சாட்சிதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரப்பரோடு வந்தேன்.

27 செப்டம்பர், சனி

காலை ஏழு மணிக்கே ஆரம்பித்தேன். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு ஷாம்பு, காது குடையும் பஞ்சுக்குச்சி. சந்தனம் உடனே கரைந்தது. குங்குமம் இருந்த இடத்தில் தகடு மங்கிச் சொரசொரவென்று இருந்தது. குங்குமத்தில் சுண்ணாம்பு சேரும்; சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும். திருவான்மியூர் உப்புக்காற்று வேறு. ஓரங்களில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

பெயிண்டுக்குத்தான் அவசரப்பட்டேன். ஒரு மூலையில் தின்னர் தொட்டு வைத்தால், க்ரீம் வருவதற்கு முன் பஞ்சில் கறுப்பு வந்தது. தொழிற்சாலையில் போட்ட கறுப்புப் பூச்சு! உடனே நிறுத்தித் தண்ணீர்ப் பஞ்சால் ஒற்றினேன். அரிசி அளவுக்குப் போய்விட்டது. போனது போனதுதான்.

அப்புறம் யோசித்தேன்: பெயிண்ட் தகட்டில் பிடிக்கவில்லை, பிசுக்கின் மேல்தானே உட்கார்ந்திருக்கிறது? ஓரத்தில் மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டு அரை மணி நேரம் பொறுத்து, மூங்கில் பல்குச்சியால் நெம்பினேன். அப்பளம் மாதிரிப் பெயர்ந்து வந்தது. உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ எடுத்திருந்தால் பெயிண்டோடு எண்ணும் தேய்ந்திருக்கும். பித்தளை பாலிஷும் அப்படித்தான். அதிலும் அரைக்கிற தூள் இருக்கிறது.

28 செப்டம்பர், ஞாயிறு

எண்களைக் கையால் அச்சு வைத்துத் தட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. நல்ல வேளையாகக் கடைசி எண்ணும் எட்டு. பூதக்கண்ணாடியில் அதன் இரண்டு வளையமும் மூடியிருக்கின்றன. நான்காவது எண்ணில் இடது பக்கம் திறந்தே இருக்கிறது. அந்த வாய்களைப் பெயிண்ட்தான் அடைத்திருந்தது. மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்தேன், ஆர்.சி. புதுப்பிக்கும்போது எடுப்பார்களே அதே மாதிரி. மூன்றுதான்.

ஆனால் ஆர்.சி. அட்டையில் எட்டு! பீரோவைக் குடைந்து அப்பாவின் பழைய ஆர்.சி. புத்தகத்தை எடுத்தேன். நீல மசியில், கொக்கி போட்ட மூன்று. அட்டைக்கு மாற்றும்போது யாரோ தப்பாகத் தட்டியிருக்கிறார்கள். இனி திருத்தத்துக்கு மனு, அலைச்சல். ‘வி.ஏ.’ அதற்கப்புறம்தான்.

30 செப்டம்பர், செவ்வாய்

தகடு நன்றாகக் காய்ந்தபின் கார் மெழுகு, விரல் நுனி அளவு, மெல்லத் தடவித் துணியால் துடைத்தேன். வார்னிஷ் அடிக்கச் சொன்னான் தம்பி. அது மஞ்சளாகும், ஓரம் விட்டு உரியும், ஐப்பசி மழையில் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். மெழுகை வேண்டும்போது எடுத்துவிடலாம். மங்கிய இடங்களை மினுக்கப் போகவில்லை. தின்னர் தின்ற மூலைக்கு மை தீட்டவும் இல்லை.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். ஸ்டியரிங், விளக்கு, நான்கு டயர் எல்லாம் ஆயிற்று. போனட்டைத் திறக்கச் சொன்னாள். நான் வாயைத் திறக்கும் முன்பே குனிந்து தகட்டைப் பார்த்தாள். விரல் அப்படியே நின்றது. ஒரு சாண் தள்ளி இரும்புச் சுவரில் பொட்டு வைத்துவிட்டு, “இங்க வைக்கலாமில்ல?” என்றாள்.

வைக்கலாம் என்றேன். எலுமிச்சம்பழம் நசுங்க வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது.