பென்சிலும் தாளுமாகப் படித்த கணினி அறிவியல்

கணினி அறிவியல் இளங்கலையில் சேர்ந்தபோது எனக்கு ஒரு வரி நிரல்கூட எழுதத் தெரியாது. முதல் செமஸ்டரில் சி மொழி. மாறிகள், இஃப், லூப் வரை எப்படியோ வந்துவிட்டேன். நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியை வைத்திருக்கும் மாறியான பாயிண்டர் வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

நிற்க வைத்த கணக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு லிங்க்டு லிஸ்டில், அதாவது ஒவ்வொரு பெட்டியும் (நோட்) அடுத்த பெட்டியின் முகவரியை வைத்திருக்கும் பட்டியலில், 10, 20, 30 என்று மூன்று எண்கள். நடுவில் இருக்கும் 20-ஐ நீக்க வேண்டும். 20 இருக்கும் நோடைக் கண்டுபிடித்து அதன் நினைவகத்தை விடுவித்தேன். நிரல் சில சமயம் ஓடியது, சில சமயம் தொடக்கூடாத நினைவக இடத்தைத் தொட்டதால் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று செத்து விழுந்தது. இரண்டு நாள் மாலை முழுக்க பாயிண்டருக்கான நட்சத்திரக் குறியை இங்கே போட்டும் அங்கே எடுத்தும் பார்த்தேன். எது சரி என்று தெரிந்து மாற்றவில்லை, எதையாவது மாற்றினால் சரியாகிவிடாதா என்றுதான் மாற்றினேன்.

லேபில் இருந்த மேடம் என் திரையைப் பார்க்கவே இல்லை. "ஒரு தாள் எடு. மூணு பெட்டி போடு" என்றார். போட்டேன். பெட்டிகளுக்கு 100, 200, 300 என்று முகவரி கொடுக்கச் சொன்னார். முதல் பெட்டிக்குள் '10, அடுத்தது 200'. இரண்டாவதில் '20, அடுத்தது 300'. மூன்றாவதில் '30, அடுத்தது இல்லை'. "இப்ப உன் நிரல் செய்யறதை நீயே பென்சிலால செய்." 200-ஆம் பெட்டியை அடித்தேன். அப்போதுதான் பார்த்தேன்: முதல் பெட்டி இன்னமும் 200 என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, அடித்துவிட்ட பெட்டிக்குள்ளேயே போய் 'அடுத்தது எது' என்று என் லூப் கேட்கிறது. முதலில் 10-இன் பெட்டியில் 300 என்று மாற்ற வேண்டும், அப்புறம்தான் 200-ஐ விடுவிக்க வேண்டும். "முதல் பெட்டியையே நீக்கச் சொன்னா என்ன பண்ணுவே?" என்று கேட்டுவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். அதற்கு விடை காண இன்னொரு மணி நேரம் ஆனது. பட்டியலின் தலையைச் சுட்டும் பாயிண்டரையே மாற்ற வேண்டும் என்று நானாகக் கண்டுபிடித்தபோது வந்த மகிழ்ச்சிக்கு நிகராக அந்த வருடத்தில் வேறெதுவும் இல்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டு தனியாக வைத்துக்கொண்டேன். மாறிக்கு ஒரு பத்தி, ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி. ஓடவிடுவதற்கு முன் என்ன விடை வரும் என்று எழுதிவிட்டுத்தான் ஓடவிடுவேன். ஒரு செயற்கூறு தன்னையே அழைக்கும் ரிகர்ஷன் அப்படித்தான் புரிந்தது. ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு பெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக. வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதியாக வெட்டி வெட்டித் தேடும் பைனரி சர்ச்சில் என் நிரல் முடிவில்லாமல் சுற்றியதற்கும் நோட்டில்தான் காரணம் கிடைத்தது. இரண்டே உறுப்புகள் மிஞ்சும்போது கீழ் எல்லை 0, மேல் எல்லை 1, நடு 0. கீழ் எல்லைக்கு நடுவின் மதிப்பையே கொடுத்திருந்தேன், அதனால் அது 0-ஐ விட்டு நகரவில்லை. நடுவோடு ஒன்று கூட்டினேன், முடிந்தது. வரிசைப்படுத்திய 10 லட்சம் எண்களில் ஒன்றைத் தேட 20 ஒப்பீடுகளே போதும் என்ற விஷயமும் தாளில் பாதி பாதியாக வெட்டிப் பார்த்தபோதுதான் மனதில் பதிந்தது.

கணிதப் பாடங்களை முதலில் வெறும் தடையாகத்தான் நினைத்தேன். தொகுத்தறிதல் முறை நிரூபணத்தையும் ரிகர்ஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்ல அப்போது யாரும் இல்லை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: மிகச் சிறிய நிலை சரியாக இருக்கிறதா, அதிலிருந்து அடுத்த நிலைக்குப் போக முடிகிறதா. புதிதாகச் சேர்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த ஒற்றுமையைத்தான். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நிற்குமா நிற்காதா என்று சொல்லிவிடும் பொதுவான நிரல் ஒன்று இருக்கவே முடியாது என்பதை ஆலன் டூரிங் 1936-இல் நிறுவிய ஆய்வை மூன்றாம் வருடம் படித்தோம். கையில் தொட்டுப் பயன்படுத்தக் கணினிகள் வருவதற்கு முன்பே அதன் எல்லையை ஒருவர் காட்டியிருக்கிறார். அந்தப் பாடத்துக்கு இரண்டு வாரம் மட்டும் கொடுத்தது போதாது.

டேட்டாபேஸும் நெட்வொர்க்கும் பெரிய சிரமமில்லாமல் போயின. ஆபரேட்டிங் சிஸ்டம் லேபில்தான் என் நோட்டு முதன்முறையாகக் கைவிட்டது. ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் இரண்டு த்ரெட்கள், ஒவ்வொன்றும் ஒரே கவுண்டரை (எண்ணிக்கை வைக்கும் மாறியை) ஒரு லட்சம் முறை ஒன்று கூட்ட வேண்டும். விடை 2,00,000 வர வேண்டும். ஒவ்வொரு முறை ஓடவிட்டபோதும் குறைவாக, அதுவும் வேறு வேறு எண்ணாக வந்தது. தாளில் போட்டால் மட்டும் எப்போதும் சரியாக வந்தது.

கடைசியில் என் தோழியை எதிரே உட்காரவைத்தேன். அவள் ஒரு த்ரெட், நான் ஒரு த்ரெட், நடுவில் கவுண்டர் எழுதிய தாள். கூட்டுவது என்பது பார்க்க ஒரே வேலைதான், செய்யும்போது மூன்று: எண்ணைப் படி, ஒன்று கூட்டு, திரும்ப எழுது. நான் 5 என்று படித்தேன். நான் எழுதுவதற்குள் அவளும் 5 என்று படித்தாள். நான் 6 எழுதினேன், அவளும் 6 எழுதினாள். இரண்டு பேர் கூட்டியும் ஒன்றுதான் ஏறியது. "அப்ப ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் தாளைத் தொடவே கூடாது" என்றாள் அவள். மியூடெக்ஸ் என்று புத்தகத்தில் இருந்தது அதுதான். பூட்டு போட்டதும் 2,00,000 வந்தது. நிரல் மெதுவானது, ஆனால் ஏன் மெதுவானது என்பதும் தெரிந்திருந்தது.

கடைசி வருடம் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மொழிபெயர்க்கும் கம்பைலர் பாடத்துக்கு ஒரு சிறிய மொழியை நாங்களே மொழிபெயர்க்க வேண்டும். கூட்டலும் பெருக்கலும் மட்டும் உள்ள மொழி. b-க்கு 4, c-க்கு 5 கொடுத்து, b + c * 2 என்ற கோவையை என் கம்பைலரிடம் கொடுத்தேன். இயந்திரக் கட்டளைகளின் எழுத்து வடிவமான அசெம்பிளியில் ஏழு வரி வந்தது. உடனே ஓடவிடவில்லை. கணக்கிடும்போது செயலி எண்களை வைத்துக்கொள்ளும் பதிவேடுகளுக்குப் பெட்டி வரைந்து ஒவ்வொரு வரியாகப் போனேன்: 5-ஐ எடு, 2-ஆல் பெருக்கு, 10, அதோடு 4-ஐக் கூட்டு. கீழே 14 என்று எழுதி வட்டமிட்டேன். அப்புறம் என்டரைத் தட்டினேன். திரையிலும் 14.