அப்பாவுக்கு டிபி என்று தெரிய வார்டில் 12 நாள் ஆனது

வார்டில் சேர்த்த அன்று டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “காய்ச்சல் எத்தனை நாளா இருக்கு?” “அஞ்சு நாளா” என்றேன். பொய் இல்லை. இருமல் எத்தனை நாளாக என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பா அதற்கு முன்பே ஐந்து வாரமாக இருமிக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் பழகிப் போயிருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்று எத்தனையோ சுவர்களில் படித்திருக்கிறேன். படித்ததெல்லாம் அடுத்தவர் வீட்டுக்கு என்றுதான் நினைப்போம் போல.

அவருக்கு வயது 67, சர்க்கரை நோய் வந்து 15 வருடம் ஆகிறது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாக ஒரு திட்டு. நிமோனியா என்றார்கள். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. டிபி பொதுவாக நுரையீரலின் மேல்பகுதியில்தான் தெரியும் என்பது பாடம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கீழேயும் வரலாம் என்பது அந்தப் பாடத்தின் அடிக்குறிப்பு. அப்பா அடிக்குறிப்பில் இருந்தார்.

டிரிப்ஸ், ஆக்சிஜன், இரண்டு ஆன்டிபயாட்டிக். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது, எழுந்து உட்கார்ந்தார், நானும் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தேன். ஆறாம் நாள் மறுபடி 102 டிகிரி. கொடுத்த மருந்துகளில் ஒன்று லிவோஃப்ளாக்சசின் என்பதும், அது டிபி கிருமியையும் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும் என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. அந்த இரண்டு நாள் நிம்மதி அந்த மருந்து தந்த கடன்.

அன்றைய ரவுண்ட்ஸில் ஒரு பயிற்சி டாக்டர், இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம், கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு நேராக அப்பாவிடமே கேட்டார்: “ஐயா, இருமல் எப்ப ஆரம்பிச்சுது?” அப்பா கணக்குப் போட்டு, பேத்தியின் பிறந்தநாளுக்கு முன்பிருந்தே என்றார். எடை குறைந்ததா, ராத்திரி வியர்க்கிறதா என்று இன்னும் இரண்டு கேள்வி. எல்லாவற்றுக்கும் ஆமாம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இடுப்பு வேட்டி நழுவுகிறது என்று அவர் சொன்னதை வயசு என்று நாங்கள் விட்டிருந்தோம்.

சரி, சளி டெஸ்ட். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி விஷயம் இங்கேதான் கெட்டுப்போகிறது. ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்து, “துப்பிக் கொடுங்க” என்று போய்விட்டார்கள். அப்பா சுத்தக்காரர். பத்துப் பேர் பார்க்க வார்டில் காறித் துப்புவது அவருக்கு அவமானம். “சளியே இல்லப்பா” என்று சொல்லிவிட்டு, டப்பாவின் அடியில் கொஞ்சம் எச்சிலைத் துப்பி மூடிக் கொடுத்தார். தண்ணீர் மாதிரி இருந்தது. நான் அதை அப்படியே லேபில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்களும் வாங்கிக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் “நெகட்டிவ்” என்று வந்தது. நான் அண்ணனுக்கு போன் போட்டு, டிபி இல்லை, பயப்படாதே என்றேன்.

அந்தப் பயிற்சி டாக்டர் மட்டும் விடவில்லை. லேபில் செய்தது மைக்ராஸ்கோப் டெஸ்ட்; அதில் கிருமி கண்ணுக்குத் தெரிய, ஒரு மில்லி சளியில் ஐந்தாயிரம் முதல் பத்தாயிரம் கிருமியாவது இருக்க வேண்டுமாம். சாயம் ஏற்றிப் பார்க்கும் அந்த முறை, ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த 1882-இல் தொடங்கியது. இல்லை என்று அது சொன்னால், இல்லை என்று அர்த்தம் இல்லை, தெரியவில்லை என்றுதான் அர்த்தம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் நம்பகமானது, ஆனால் அந்தக் கிருமி ஒன்று இரண்டாகவே ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும்; முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். ஜீன்எக்ஸ்பர்ட் என்று ஒரு மெஷின், உலக சுகாதார நிறுவனம் 2010-இலேயே ஒப்புதல் கொடுத்தது. மில்லிக்கு நூற்றுச் சொச்சம் கிருமி இருந்தாலே பிடித்துவிடும், டிபிக்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதையும் சேர்த்துச் சொல்லும், இரண்டே மணி நேரம். இதையெல்லாம் அவர் கட்டில் ஓரமாக நின்று எனக்குச் சொன்னார். வார்டில் எனக்கு யாரும் அவ்வளவு நேரம் ஒதுக்கியதில்லை.

ஒன்பதாம் நாள் விடிகாலை சிஸ்டர் ஒருவர் வந்தார். வாயைக் கொப்பளிக்க வைத்து, உப்புத் தண்ணீரை நெபுலைசரில் கொடுத்து, அப்பாவை வராண்டா கடைசியில் ஆள் இல்லாத திறந்தவெளிக்குக் கூட்டிப் போனார். “ரெண்டு தடவை மூச்சை நல்லா இழுத்து விடுங்க, மூணாவது தடவை வயித்துல இருந்து இருமுங்க.” யாரும் பார்க்கவில்லை என்பதும் உதவியிருக்கும். கெட்டியாக, மஞ்சளாக வந்தது. சிஸ்டர் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இதுதான் சளி” என்றார், நகை எடை போடுகிறவர் மாதிரி.

அன்று மாலை கேட்டேன், ரிப்போர்ட் வரவில்லை. மறுநாளும் இல்லை. அந்த மறுநாள் ராத்திரிதான் பக்கத்துக் கட்டில்காரர் இறந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவரும் இருமிக்கொண்டுதான் இருந்தார், அவருக்கும் டப்பா கொடுத்திருந்தார்கள். அவர் மனைவி போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்த பிறகு எனக்கு உட்கார முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை நேராக லேபுக்குப் போய் நின்றேன். கம்ப்யூட்டரில் பார்த்தவர், “இது அன்னிக்கு மத்தியானமே முடிஞ்சுதே” என்றார். தாளாகவும் அடித்திருந்தார்கள். வேறு வார்டுக்குப் போக வேண்டிய தட்டில் அது கிடந்தது. மூன்று நாள். மெஷின் சொன்னபடி இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்திருக்கிறது. லேபிலிருந்து வார்டுக்கு இருநூறு அடி நடக்கத்தான் ஆள் இல்லை. அப்பாவின் தாளுக்கு மேலே இருந்தது பக்கத்துக் கட்டில்காரருடையது. லேபில் இருந்தவர் அதைத் தனியே எடுத்து வைத்தார். அதில் என்ன போட்டிருக்கிறது என்று நான் கேட்கவில்லை; கேட்டாலும் அவர் சொல்லியிருக்கக் கூடாது.

அப்பாவுக்கு டிபி இருந்தது, ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை. அன்று மாலையே மாத்திரை தொடங்கினார்கள்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு. கட்டிலை ஜன்னல் ஓரத் தனியறைக்கு மாற்றி மாஸ்க் கொடுத்தார்கள். பதினோரு நாள் எல்லோரோடும் படுத்திருந்தாரே என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. அந்த வார்டில் ஜன்னலைக் குளிருக்காக மூடி வைத்தவர்களில் நானும் ஒருவன்.

வீட்டில் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தோம். யாருக்கும் நோய் இல்லை. ஐந்து வயது ஆகாத பேத்திக்கு மட்டும் மூன்று மாதத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா என்று அம்மா கேட்டதற்கு, இது காற்றில் பரவுவது, பாத்திரத்தில் இல்லை என்று சிஸ்டர் சொன்னார். அம்மா இரண்டு வாரம் தனியாகத்தான் வைத்தார்.

டிஸ்சார்ஜ் ஆனபோது எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கையில் ஏழு நாள் மாத்திரை, தாளில் “சிகிச்சையைத் தொடரவும்.” எங்கே என்று இல்லை. ஐந்தாம் நாள் நானாகவே வீட்டுக்கு அருகில் உள்ள சிகிச்சை மையத்துக்குப் போனேன். பதிவேட்டில் அப்பா பெயரே இல்லை. வார்டில் கண்டுபிடித்த நோயாளியை மையத்துக்குத் தெரிவிப்பது யார் வேலை என்பதில் இரண்டு பக்கமும் வேறுவேறு பதில். 2023-இல் உலகம் முழுக்க 1.08 கோடி பேருக்கு டிபி வந்ததாகக் கணக்கு, அவர்களில் புதிதாகக் கண்டறியப்பட்டுப் பதிவானவர்கள் 82 லட்சம். மீதிப் பேர் எங்கே என்று முன்பு யோசித்ததில்லை. எங்கள் வீட்டு நாற்காலியிலும் ஐந்து நாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

மாத்திரை நாட்களைப் பற்றிச் சுருக்கமாக. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயமில்லை. மஞ்சள் காமாலை வந்தால் கண் வெள்ளையில் தெரியும் என்றதால் தினமும் காலை வெளிச்சத்தில் கண்ணைப் பார்ப்பேன். அவருக்கு எரிச்சலாக வரும். யாரும் சொல்லாதது சர்க்கரை. ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும். மூன்றாம் வாரம் 340-ஐத் தாண்டியது, சில மாதம் இன்சுலின் போட வேண்டி வந்தது. நாக்கு மரத்துப்போன மாதிரி இருக்கிறது, குமட்டுகிறது, நிறுத்திவிடலாமா என்று இரண்டாம் மாதம் கேட்டார். இருமல் நின்றிருந்தது, எடையும் ஏறத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள் என்று மையத்தில் சொன்னார்கள். விடவில்லை.

இரண்டாம் மாத முடிவில் சளியில் கிருமி இல்லை. ஆறாம் மாதம் கடைசிப் பரிசோதனைக்கு மறுபடியும் அதே டப்பா. மூச்சை இழுத்தார், இருமினார், அரை மணி நேரம் முயன்றார். ஒன்றும் வரவில்லை. கடைசி மாதச் சளி முடிவு இல்லாததால் பதிவேட்டில் “குணமடைந்தவர்” என்று எழுத முடியாது, “சிகிச்சை முடித்தவர்” என்றுதான் எழுத முடியும் என்றார் அங்கிருந்தவர். இரண்டும் வெற்றிக் கணக்கில்தான் சேரும், கவலை வேண்டாம் என்றும் சொன்னார்.

அப்பா காலி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். “சளியே இல்லைன்னு நான்தான் முதல் நாள்லேர்ந்து சொல்லிட்டிருக்கேனே.”