இந்த இணைப்பில் எனக்கும் ஒரு பங்கு உண்டு

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, கிரைண்டர் வாங்குவது பற்றி நான் எழுதியிருந்த கட்டுரையைக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்த சித்தி, கண்ணாடியைச் சற்றே உயர்த்திக்கொண்டு, அதிலிருந்த அமேசான் கடை இணைப்பைக் காட்டி, "ஏங்கண்ணு, இதைத் தொட்டு நான் வாங்குனா உனக்கு ஏதாச்சும் வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். "அதை எங்க எழுதியிருக்கறே?" என்றார். கட்டுரையின் அடிக்குப் போய், படங்களையும் பழைய கட்டுரைகளின் பட்டியலையும் தாண்டி, சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் கிடந்த ஓர் ஆங்கில வரியைக் காட்டினேன். சித்திக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கட்டுரை முழுவதையும் தமிழில் எழுதிவிட்டு, வாங்குபவர் முதலில் அறிந்திருக்க வேண்டிய அந்த ஒரு செய்தியை மட்டும் அவருக்குப் புரியாத மொழியில் பல ஆண்டுகளாக வைத்திருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

முதலில் இந்தப் பணம் எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அமேசான் நிறுவனம் 1996 ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய ஓர் ஏற்பாட்டின்படி, அதில் சேர்ந்து அமேசான் கடைக்கு ஆள் அனுப்புபவருக்கு, அப்படிப் போனவர் வாங்கும் பொருளின் விலையில் ஒரு சிறு பகுதி கமிஷனாகத் தரப்படுகிறது. நான் தரும் இணைப்பின் வாலில் என் அடையாளக் குறியீடு ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தியக் கடைக்கான குறியீடு 21 என்ற எண்ணில் முடியும் என்பதால், இணைப்பை நகலெடுத்துப் பார்த்தால் நீங்களே கண்டுகொள்ளலாம். அந்த இணைப்பைத் தொட்டு உள்ளே போனவர், நான் சொன்ன கிரைண்டரை விட்டுவிட்டு, அடுத்த 24 மணி நேரத்துக்குள் பிள்ளைக்குப் பள்ளிக் காலணி வாங்கினாலும் அதிலும் எனக்குப் பங்கு வரக்கூடும். இன்னொன்றையும் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை: என் இணைப்பு வழியாக என்னென்ன பொருள்கள் வாங்கப்பட்டன என்ற பட்டியல் எனக்குத் தெரியும். வாங்கியவர் பெயரோ முகவரியோ தெரியாது. ஆனாலும், யாரோ ஒருவருடைய மூட்டுவலித் தைலமும் யாரோ ஒருவருடைய குழந்தைத் துணியும் அந்தப் பட்டியலில் வரிசையாக நிற்கும்போது, பிறர் வீட்டுச் சன்னல் வழியே எட்டிப் பார்த்ததுபோல் எனக்கு ஒரு கூச்சம் ஏற்படுவதுண்டு.

இதை அறிவிப்பவர்கள்கூட வழக்கமாக எழுதும் வரி ஒன்று உண்டு: "இதனால் உங்களுக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை." நானும் அதை எழுதியிருக்கிறேன். அது பொய்யன்று, ஆனால் பாதி உண்மை. கமிஷன் உங்கள் பணப்பையில் கை வைப்பதில்லை, என் எழுத்தில்தான் கை வைக்கிறது. ஒரு பேச்சுக்கு 4 விழுக்காடு கமிஷன் என்று வைத்துக்கொண்டால், 5,000 ரூபாய்க் கிரைண்டருக்கு எனக்கு 200 ரூபாய் வரும். 8,000 ரூபாய்க் கிரைண்டருக்கு 320 ரூபாய் வரும். வீட்டில் இருப்பதே போதும், பெல்ட்டை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதினால் ஒன்றும் வராது. மூன்றாவதை எழுத எனக்கு யாரும் தடை போடவில்லை, ஆயினும் அந்தக் கட்டுரையில் அது இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் கடைக்கே போய், கல்லைத் தடவிப் பார்த்து, மோட்டாரை ஓடவிட்டுச் சத்தம் கேட்டு வாங்குவதுதான் நல்லது, பழுதானால் அதே கடையில் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கிரைண்டருக்குப் பெயர்போன அந்த வட்டாரத்தில் வளர்ந்தவன் நான். அதையும் எழுதவில்லை. வேண்டுமென்றே மறைத்தேனா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். இணைப்பு வைக்க இடமில்லாத அறிவுரை மனத்தில் எழவே இல்லை. அதுதான் என்னைக் கலக்குகிறது.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு, அதனடியில் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே விலைதான் மறைவு. நடுவில் நிற்பவர் தரகர் என்பதும் அவருக்கு இரு பக்கமும் காசு உண்டு என்பதும் சந்தைக்கே தெரியும். என் கட்டுரைகளில் விலை எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது, நான் தரகன் என்பதுதான் துண்டுக்கடியில் இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இயந்திரத்திடம் நான் எப்போதோ உண்மையைச் சொல்லிவிட்டேன். பணம் தொடர்பான இணைப்புகளைக் குறிப்பதற்கென்று கூகுள் 2019 செப்டம்பரில் ஒரு குறிச்சொல்லை அறிமுகப்படுத்தியது. தேடலில் பின்தள்ளப்பட்டுவிடுவோமோ என்ற அச்சத்தில், ஒவ்வோர் இணைப்பின் நிரல் வரியிலும் உட்கார்ந்து அதைச் சேர்த்தேன். படிப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. தேடுபொறிக்குச் சொன்னதைச் சித்திக்குச் சொல்லவில்லை.

சட்டமும் இதைக் கேட்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் மாதம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கின்றன. விளம்பரம் சொல்வதை விளக்கவோ வரையறுக்கவோ சேர்க்கும் பொறுப்புத் துறப்புக் குறிப்பு, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. தவறான விளம்பரத்துக்கான தண்டத் தொகை முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். என் அளவிலான ஆளைத் தேடி யாரும் வரப்போவதில்லை என்பது வேறு கதை.

எந்தச் சொல்லால் அறிவிப்பது என்பதில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. "அஃபிலியேட் இணைப்பு" என்று தமிழ் எழுத்தில் எழுதினால் ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டுமே புரியும். "கூட்டாண்மை இணைப்பு" என்பது ஏதோ மதிப்புக்குரிய காரியம்போல் ஒலிக்கிறது. "எங்களை ஆதரிக்க இங்கே வாங்குங்கள்" என்பதில் வணிகம் நன்கொடை வேடம் போட்டு வருகிறது. எனக்கு அது அறவே பிடிக்கவில்லை. "தரகு" நல்ல தமிழ்தான், ஆனால் நிலத்தரகு, வீட்டுத்தரகு என்று பழகிய காதுக்கு இணையத்தோடு அது ஒட்டவில்லை. கடைசியில் "கமிஷன்" என்றே வைத்தேன். ஆட்டோ ஓட்டுநர் சுற்றுலாப் பயணியைப் பட்டுப்புடவைக் கடைக்கு ஏன் அழைத்துப் போகிறார் என்பதை விளக்கத் தமிழ்நாட்டில் எல்லோரும் சொல்லும் சொல் அது. அதில் ஒட்டியிருக்கும் கறையும் பயனுள்ளதே; படிப்பவர் சற்று எச்சரிக்கையோடு படிப்பார்.

கிரைண்டர் கட்டுரையை இப்போது திருத்திவிட்டேன். தலைப்புக்குக் கீழே, முதல் பத்திக்கு மேலே, மற்ற எழுத்துகளின் அளவிலேயே இப்படி இருக்கிறது: "இதிலுள்ள இணைப்புகள் வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும். எட்டு கிரைண்டர்களில் இரண்டை மட்டுமே என் வீட்டில் ஓட்டிப் பார்த்தேன். மற்றவை பற்றி எழுதியது கேட்டும் படித்தும் அறிந்தது." ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் அடைப்புக்குறிக்குள் "கமிஷன்" என்ற சொல் நிற்கிறது, இடையில் நுழைபவர் மேலே உள்ளதைப் பார்த்திருக்க மாட்டார் என்பதற்காக. பெல்ட் மாற்றுவது பற்றியும் உள்ளூர்க் கடையில் வாங்குவது பற்றியும் இரண்டு பத்திகள் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் இணைப்பு எதுவும் இல்லை.

இன்னும் 30க்கு மேற்பட்ட பழைய கட்டுரைகள் கிடக்கின்றன. அவற்றில் மிக்ஸி பற்றியது மிக மோசம்: ஐந்து பொருள்களையும் புகழ்ந்திருக்கிறேன், ஒன்றைக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் இணைப்புகளை முழுவதும் நீக்கியிருக்கிறேன். திருத்தி முடியும்வரை அது அப்படியே இருக்கும்.