அண்ணப் பிளவு: முதலில் தமனியை வரையுங்கள்

முதுநிலை கால்நடை அறுவை மருத்துவ வாய்மொழித் தேர்வில் எனக்கு வந்தது எளிய கேள்விதான். "பால் குடித்தால் மூக்கு வழியாக வழிகிறது. புல்டாக் குட்டி. என்ன நோய்?" அண்ணப் பிளவு, அதாவது வாயின் மேற்கூரையில் பிறவியிலேயே உள்ள பிளவு, என்றேன். காரணம் கேட்டார்கள். பரம்பரை, சினைக்காலத்தில் கொடுத்த கிரிசியோஃபல்வின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து, மிகையான வைட்டமின் ஏ என்று ஒப்பித்தேன். புறத்தேர்வாளர் தலையாட்டினார். பிறகு சாக்பீஸை நீட்டி, "மடலை வரையுங்கள்" என்றார். பிளவை மூடுவதற்காக அண்ணத்து எலும்பிலிருந்து உரித்தெடுக்கும் சவ்வுப் பட்டைதான் மடல்.

பிளவு, பற்கள், கத்தி போகும் கோடு எல்லாம் வரைந்து முடித்தேன். மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப் பல்லுக்கு உட்புறம் விரலை வைத்து, "இங்கே எதை வெட்டினீர்கள்?" என்றார். பெரிய அண்ணத் தமனி எலும்பிலிருந்து வெளிவரும் இடம் அது. மடலுக்கு உயிரே அந்தத் தமனிதான். அதை அறுத்துவிட்டு எவ்வளவு அழகாகத் தைத்தாலும் மடல் அழுகிப் பிரியும். நான் அன்று தப்பித்தது வேறு கேள்விகளின் புண்ணியத்தில்.

இப்போது படிப்பவர்கள் அறுவை முறைகளின் பெயர்களிலிருந்து தொடங்க வேண்டாம். உடற்கூறியல் துறையில் ஒரு நாய் மண்டையோட்டை வாங்கி, அந்தத் தமனி வெளிவரும் அண்ணத் துளையில் ஊசியை நுழைத்துப் பாருங்கள். அதன் பிறகு முறைகள் தாமாகவே விளங்கும். லாங்கன்பெக் முறையில் இருபுற மடல்களும் நடுவில் சந்திக்கின்றன. தையல் வெற்றிடத்தின் மேல் விழுகிறது, அடியில் எலும்பு இல்லை. மேற்பொருத்து முறையில் ஒரு பக்க மடலைப் பிளவின் விளிம்பையே கீலாக்கிப் புரட்டி, மறுபக்க மடலுக்கு அடியில் செருகுகிறோம். தையலுக்கு எலும்பு தாங்கலாக இருக்கிறது, இழுவிசையும் குறைவு. ஆனால் புரட்டும் மடலில் தமனியைச் சுற்றியுள்ள நார்த்திசுவைப் பொறுமையாக விடுவிக்க வேண்டும்.

கைப்பழக்கத்துக்கு இறைச்சிக் கடையில் ஆட்டுத்தலை வாங்கினேன். ஆட்டின் அண்ணம் நாயினுடையது போல் இல்லைதான். ஆனாலும் எலும்பிலிருந்து சவ்வைக் கிழிக்காமல் உரிக்கும் பதம் அதில்தான் பிடிபட்டது. விடுதி அறைத் தோழன் இரண்டு நாள் பேசவில்லை.

எப்போது அறுவை என்றும் கேட்பார்கள். பொதுவாக மூன்று, நான்கு மாத வயதில். அதுவரை குழாய் வழி உணவு, நுரையீரல் அழற்சி வராமல் காவல். இரண்டாம் முறை தைக்கத் திசு தழும்பாகியிருக்கும் என்பதால் முதல் அறுவையே நல்ல வாய்ப்பு. இதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். பலகைக்குப் போகும்போது சிவப்பு சாக்பீஸும் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.