பச்சைப் பாம்பு என்றால் எந்தப் பாம்பு?

"பச்சைப் பாம்பு" என்ற ஒரே சொல்லால் போன டிசம்பரில் எனக்கு ஒரு நாள் மதியச் சாப்பாடு போனது.

டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வாய் புளிசாதம்கூட உள்ளே போகவில்லை, ஏற்காட்டிலிருந்து போன். நான் நூலகராக இருக்கும் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு இப்போது மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருக்கும் பையன். பையன் என்று சொல்லக் கூடாது, டாக்டர். படிக்கும்போது நூலகத்தில் ஃபேனுக்கு அடியில் இடம் பிடித்துத் தூங்குவதில் பேர் போனவர்.

"மேடம், காபிப் பழம் பறிக்கிற அம்மா ஒருத்தங்க. செடிக்குள்ள கையை விட்டப்போ பச்சைப் பாம்பு கடிச்சிருச்சுங்கிறாங்க. விரல்லேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் வீக்கம். எங்கிட்ட ஏ.எஸ்.வி. இருக்கு, ஆனா இந்தப் பாம்புக்கு அது வேலை செய்யுமான்னு தெரியல. மேஸ்திரி வேற ஊசியைப் போடுங்க போடுங்கன்னு நிக்கிறாரு."

ஏ.எஸ்.வி. என்பது பாம்புக்கடிக்கான விஷமுறிவு ஊசி. நான் கேட்ட முதல் கேள்வி: "எந்தப் பச்சைப் பாம்புங்க தம்பி?"

என் அப்பா ஏற்காட்டில் எஸ்டேட் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். நான் அடிவாரத்தில் வளர்ந்தவள். எங்கள் பக்கம் பச்சைப் பாம்பு என்றால் பாதிப் பேருக்குக் கண்கொத்திப் பாம்புதான். சாட்டை மாதிரி ஒல்லியாக, மூக்கு கூராக இருக்கும். கண்ணைக் கொத்தும் என்று பாட்டிகள் பயமுறுத்துவார்கள். மனிதருக்குப் பெரிய ஆபத்து எதுவும் அதனால் இல்லை. மீதிப் பேருக்கு அது பச்சை விரியன், அதாவது மூங்கில் குழிவிரியன். தடித்த உடம்பு, முக்கோணத் தலை. காபிக் கிளையில் சுருண்டு உட்கார்ந்தால் இலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பெயர், இரண்டு வேறு சிகிச்சை.

மேஸ்திரியின் போனில் படம் இருந்தது. அனுப்பச் சொன்னேன். முக்கோணத் தலை. குழிவிரியன் மாதிரிதான் தெரிந்தது. டாக்டரும் அதையேதான் நினைத்திருந்தார்.

அப்புறம்தான் தேட உட்கார்ந்தேன். இதில் என்ன பெரிய வேலை, கூகுளில் போட்டால் வந்துவிடாதா என்று என் தம்பி மனைவி ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பாள். அவளுக்காக நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் சிக்கல், பாம்புக்கு அறிவியல் பெயர் மாறியிருக்கிறது. பழைய கட்டுரைகளில் அது ட்ரைமெரிசூரஸ் கிராமினியஸ். புதியவற்றில் க்ராஸ்பெடோசெஃபாலஸ் கிராமினியஸ். ஒரு பெயரை மட்டும் போட்டுத் தேடினால் இன்னொரு பெயரில் எழுதியவை கண்ணிலேயே படாது. ஆங்கிலப் பேச்சுப் பெயரிலும் மூங்கில் குழிவிரியன் என்று எழுதுகிறவர்கள் ஒரு பக்கம், வெறும் பச்சைக் குழிவிரியன் என்று எழுதுகிறவர்கள் ஒரு பக்கம். நாலு பெயரையும் 'அல்லது' போட்டுக் கோத்து, மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் கொடுத்தேன்.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. வந்த கட்டுரைகளில் நிறைய தாய்லாந்துக்காரர்கள் எழுதியவை. படித்தால் மனசுக்கு ஆறுதலாக இருக்கும்: பச்சைக் குழிவிரியன் கடித்தது, விஷமுறிவு மருந்து கொடுத்தோம், விஷத்தால் உறையாமல் போன ரத்தம் மறுபடி உறையத் தொடங்கியது. அவசரத்தில் இருக்கும் ஒருவர் சுருக்கத்தை மட்டும் படித்தால் "வேலை செய்யும்" என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால் அது வேறு இனப் பச்சை விரியன், மருந்தும் வேறு. பாங்காக்கில் செஞ்சிலுவைச் சங்கம் அந்தப் பாம்பின் விஷத்தை வைத்தே தனியாகத் தயாரிப்பது. நம் ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் இருக்கும் குப்பி நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கு மட்டும் தயாரித்தது. குப்பியோடு வரும் தாளிலேயே அந்த நாலு பெயரும் இருக்கும். குழிவிரியன் அந்தப் பட்டியலில் இல்லை.

சும்மா போட்டு வைத்தால் என்ன நஷ்டம் என்று மேஸ்திரி கேட்டது நியாயமான கேள்விதான். அந்த மருந்தைக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையாக மாறி, மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். வேலை செய்கிற இடத்தில் அந்த ஆபத்தைத் தாங்கிக்கொள்ளலாம். வேலையே செய்யாத இடத்தில் எதற்கு?

பாம்புக்கடி பற்றி உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவுக்காக 2016-இல் வெளியிட்ட வழிகாட்டியில் வேண்டிய பக்கங்களையும், நம் நாட்டு டாக்டர்கள் எழுதிய சில நோயாளிக் குறிப்புகளையும் எடுத்தேன். வாட்ஸ்அப்பில் இப்படி எழுதி அனுப்பினேன்:

"நம் ஏ.எஸ்.வி. நாலு பாம்புக்குத்தான். குழிவிரியன் அதில் இல்லை. தாய்லாந்துக் கட்டுரைகளை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பாம்பும் வேறு, மருந்தும் வேறு. இந்தியக் குறிப்புகள் குறைவு. அவற்றில் பெரும்பாலும் வீக்கமும் வலியும்தான், ஆனால் ரத்தம் உறைவதைக் கவனிக்கச் சொல்கிறார்கள். படத்தை வைத்துப் பாம்பை உறுதி செய்தது நீங்கள், நான் இல்லை."

கடைசி வரி முக்கியம். நான் டாக்டர் இல்லை. பெரிய படிப்பு படித்தவர்கள் நடுவே முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தால் நமக்கும் கொஞ்சம் தெரியும் என்ற நினைப்பு வந்துவிடும். அது வந்த அன்றைக்கு இந்த வேலையை விட்டுவிட வேண்டும்.

அவர் அதற்குள் சேலத்தில் இருக்கும் தன் பெரிய டாக்டரிடமும் பேசியிருந்தார். ஊசி போடவில்லை. கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, சாய்த்துப் பார்க்கும் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தார். (குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும், சோப்புப் போட்டுக் கழுவியதாக இருக்கக் கூடாது. இதுவும் அந்த வழிகாட்டியில் இருப்பதுதான்.) ஒவ்வொரு தடவையும் ரத்தம் நன்றாக உறைந்திருந்தது. மூன்றாம் நாள் அந்த அம்மா வீட்டுக்குப் போனார். கையில் வீக்கம் வடிய இன்னும் ஒரு வாரம் ஆனது, அந்த ஒரு வாரக் கூலி போனது. அதற்கு எந்தக் கட்டுரையிலும் மருந்து கிடைக்கவில்லை.

கல்யாண வீடுகளில் "மெடிக்கல் காலேஜ் லைப்ரேரியனா? சாவி வச்சிருக்கிற வேலைதானே" என்பார்கள். ஆமாம், சாவியும் வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் வேறு மாதிரி நினைத்தவர்களும் உண்டு. 1971-இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் கெர்ட்ரூட் லாம்ப் என்ற அம்மையார் மருத்துவ நூலகர்களை டாக்டர்களோடு வார்டு ரவுண்ட்ஸுக்கே அனுப்ப ஆரம்பித்தார். கேள்வி எழும் இடத்திலேயே நின்று கேட்டுக்கொண்டு, பதிலைத் தேடிக் கொண்டுவந்து தருவதற்காக. நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டரில் 15 மருத்துவமனைகளில் நடத்திய ஓர் ஆய்வு 1992-இல் வெளியானது. பதில் அனுப்பிய 208 டாக்டர்களில் 80 சதவீதம் பேர், நூலகத்திலிருந்து கிடைத்த தகவலால் நோயாளியைக் கவனித்த விதத்தில் ஏதோ ஒன்றை மாற்றியிருக்கலாம் அல்லது நிச்சயம் மாற்றினோம் என்று சொல்லியிருந்தார்கள். டாக்டர்கள் தாங்களே சொன்ன கணக்கு, அதனால் கொஞ்சம் தள்ளுபடி போட்டுக்கொள்ளலாம். பாதியாகக் குறைத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

எங்கள் ஊரில் ரவுண்ட்ஸுக்கு யாரும் கூப்பிடவில்லை. பி.ஜி. மாணவர்கள் தீசிஸ் சமர்ப்பிக்கும் மாதத்தில் மட்டும் நான் மகாராணி. "மேடம், காப்பி அடிச்ச சதவீதம் மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்று வரிசையில் நிற்பார்கள். மற்ற மாதங்களில் என்னைக் கண்டால் ஏசியைக் கூட்டச் சொல்வார்கள்.

பெருமை மட்டும் பேசினால் நன்றாக இருக்காது. 2020 மே மாதம், ஊரே அடங்கிக் கிடந்த நேரம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்த கோவிட் நோயாளிகளிடம் மரணம் அதிகமாக இருக்கிறது என்று மே 22 அன்று லான்செட் என்ற பெரிய மருத்துவ இதழில் ஒரு கட்டுரை. 671 மருத்துவமனை, 96,032 நோயாளிகள் என்று கணக்கு. அந்த எண்ணிக்கையைப் பார்த்தே நான் மயங்கிவிட்டேன். உடனே கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், "அவசியம் படிக்கவும்" என்று சிவப்புப் புள்ளி வேறு. ஜூன் 4 அன்று கட்டுரையை எழுதியவர்களே திரும்பப் பெற்றார்கள். அந்தத் தரவு எங்கிருந்து வந்தது என்று யாராலும் சரிபார்க்க முடியவில்லை. பதின்மூன்றே நாள். அந்த மருந்தால் கோவிட்டுக்குப் பலன் இல்லை என்பது பிறகு ஒழுங்காக நடந்த சோதனைகளில் தெரிந்தது, அது வேறு கதை. திரும்பப் பெற்ற செய்தியையும் குழுவில் போட்டேன். முதல் செய்திக்கு நாற்பது கட்டைவிரல், இரண்டாவதற்கு மூன்று. ஒரு வருஷம் கழித்து ஒரு கருத்தரங்கில் பார்த்தால், திரையில் அதே கட்டுரை, நான் அனுப்பிய அதே பி.டி.எஃப். என் சிவப்புப் புள்ளி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. அதிலிருந்து எதை அனுப்பினாலும் திரும்பப் பெறப்பட்டதா என்று அனுப்பும் நாளில் ஒரு தடவை பார்த்து, தேதியும் போட்டுவிடுகிறேன்.

போன வருஷத்திலிருந்து அரசுக் கல்லூரிகளுக்கு ஒரு யோகம். ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். எங்களைப் போன்ற தனியார் கல்லூரிகள் அதற்குள் இல்லை. எனவே சந்தா பட்ஜெட் கேட்டு நான் போடும் கடிதம் இன்னும் அலுவலக மேஜையில்தான் படுத்திருக்கிறது.

சந்தாவாவது காசுப் பிரச்சினை. எனக்கு இப்போது தலைவலி ஸ்டோர் ரூம்தான். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் இருந்த ஒரு வயதான டாக்டர் காலமானபோது, அவர் வீட்டார் 1948 முதல் 1969 வரையிலான லான்செட் பைண்டு வால்யூம்களை எங்களுக்குக் கொடுத்தார்கள். அட்டை பிய்ந்து, கரையான் ஓரம் தொட்டு, வேப்பிலையும் நாப்தலீனும் கலந்த ஒரு வாசனையோடு நிற்கின்றன. "இதெல்லாம் யாரும்மா படிக்கிறா? எடைக்குப் போட்டுட்டு அந்த ரூம்ல கம்ப்யூட்டர் போடலாம்" என்கிறது நிர்வாகம்.

அவர்களிடம் பால்டிமோர் கதையைச் சொன்னேன். 2001-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆஸ்துமா ஆய்வு. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 24 வயதுப் பெண் ஒருவர் தானாக முன்வந்து அதில் சேர்ந்தார். ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுக்கக் கொடுத்தார்கள். நுரையீரல் கெட்டு இறந்துபோனார். ஆய்வாளர் தேடாமல் இல்லை, பப்மெட்டில் தேடினார். ஆனால் அன்றைக்கு அது 1966 வரைதான் பின்னால் போகும். அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்று எழுதிய கட்டுரைகள் 1950-களில் வந்தவை. அச்சுப் புத்தகமாக அலமாரியில் இருந்தன.

நிர்வாக அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் இப்ப ஆன்லைன்ல வந்திருக்குமே மேடம்" என்றார். நிறைய வந்திருக்கிறது, உண்மைதான். கட்டுரையின் தலைப்பு வந்திருக்கும், உள்ளே படிக்கக் காசு கேட்கும். நம் கடிதம் உங்கள் மேஜையில் இருக்கிறது என்றேன். சிரித்துவிட்டு டீ சொன்னார்.

பழைய பேப்பர்காரர் இரண்டு தடவை தராசோடு வந்து போய்விட்டார். இரண்டு தடவையும் ஸ்டோர் ரூம் சாவி கிடைக்கவில்லை.