சளிக் குழந்தையோடு டர்பனில் இறங்கும்போது

தென்னாப்பிரிக்காவில், டிசம்பர் விடுமுறைக்கோ காவடிக்கோ ஜொகானஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவிலிருந்து கடலோர டர்பன் கிளம்பும் வீடுகளில், கைக்குழந்தைக்கு மூக்கடைப்பு என்றால் விமானம் மேலே ஏறுவதை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கவனம் தேவைப்படுவது இறங்கும்போதுதான். அதிலும் டர்பனில் இறங்குவது ஜொகானஸ்பர்க்கில் இறங்குவதைவிடக் காதுக்கு மிகவும் கடினம்.

ஜொகானஸ்பர்க் விமான நிலையமே கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பறக்கும்போது கேபினுக்குள் உள்ள காற்றழுத்தம், அதிகம் போனால் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். அதனால் அங்கே இறங்கும்போது அழுத்தம் கொஞ்சம்தான் மாறும். டர்பனின் கிங் ஷாக்கா நிலையமோ 100 மீட்டர் உயரம்கூட இல்லை. அங்கே இறங்கும்போது மாற்றம் மூன்று மடங்குக்கும் மேல் போகலாம். அதே குழந்தை, அதே சளி; போகும்போது அலறும், திரும்பும்போது தூங்கும்.

நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு சிறு குழாய் போகிறது. அது பெரும்பாலும் மூடியே இருக்கும், விழுங்கும்போது திறக்கும். விமானம் ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று தானாகவே வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போகவேண்டும். சளியால் குழாயின் வாய் வீங்கியிருந்தால் திறக்காது. செவிப்பறை உள்பக்கமாக இழுபட்டு வலிக்கும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டையாகவும் குறுகலாகவும் இருப்பதால் சுலபமாக அடைத்துக்கொள்ளும்.

ஆகவே இறங்கும் நேரம் முழுக்கக் குழந்தை விழுங்கிக்கொண்டே இருக்கவேண்டும். தரை தொடுவதற்கு ஏறக்குறைய அரைமணி நேரம் முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும். ஜொகானஸ்பர்க்–டர்பன் பயணமே ஒரு மணி நேரம்தான் என்பதால், ஏறியதும் பால் கொடுத்துவிட்டால் தேவைப்படும் நேரத்தில் வயிறு நிறைந்திருக்கும். இறங்கத் தொடங்கும்போது பசிக்கிற மாதிரி வீட்டிலிருந்தே நேரம் பார்த்துக் கொடுத்து வாருங்கள். எப்போது இறங்கத் தொடங்கும் என்று பணிப்பெண்ணிடம் கேட்டால் சொல்வார்கள். புட்டிப் பால் என்றால் சிறு துளை உள்ள ரப்பர் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் காலியாகிவிட்டால் பயனில்லை. பால் மறுத்தால் டம்மி (வாயில் வைத்துச் சப்பும் ரப்பர்) கொடுங்கள். தூங்கினால் எழுப்பிவிடுங்கள், மனம் கேட்காவிட்டாலும். தூக்கத்தில் விழுங்குவது குறைந்துவிடும்.

மூக்கு அடைத்த குழந்தையால் உறிஞ்ச முடியாது, இதை மறந்துவிடுகிறோம். முதல் சில மாதங்களில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகின்றன. இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வாயை எடுத்துக்கொண்டு அழும். எனவே பாலுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் முன்பு சலைன் (உப்புநீர்) சொட்டு மருந்தை ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு சளி உறிஞ்சும் ரப்பர் பல்பை வெளியிலேயே அமுக்கிப் பிடித்து, நுனியை மூக்கு வாசலில் மட்டும் வைத்து, மெதுவாக விரலைத் தளர்த்துங்கள். உள்ளே வைத்து அமுக்கினால் சளி இன்னும் பின்னால் போகும். ஒரு நாளில் மூன்று நான்கு தடவைக்கு மேல் செய்தால் மூக்கு உள்ளே புண்ணாகி வீங்கும், அடைப்பு கூடும். கேபின் காற்று மிகவும் வறண்டது என்பதால் துபாய் வழியாகச் சென்னை போகிறவர்களுக்கு இந்தச் சொட்டு மருந்து இன்னும் அவசியம்; சளி காய்ந்து கெட்டியாகிவிடும்.

பாட்டிமார் சொல்லும் சிலவற்றை அன்போடு மறுத்துவிடுங்கள். மூக்கில் எண்ணெய் விடக்கூடாது. அது நுரையீரலுக்குப் போய்ச் சேரலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. இரண்டு வயதுக்குள் கற்பூரம் கலந்த தைலம் கூடாது. கடையில் கிடைக்கும் இருமல் சிரப்பும், தூங்கவைக்க என்று கொடுக்கும் அலர்ஜி மருந்தும் அப்படித்தான்.

வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம், இறங்கத் தொடங்குவதற்கு அரைமணி முன்பு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுத்தான். எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். இந்தியா போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இங்கே நாம் வாங்கும் குழந்தைகள் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். அங்கே 5 மில்லிக்கு 250 உள்ள சிரப்பும், ஒரே மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்தும் விற்கிறார்கள். 8 கிலோ குழந்தைக்கு இங்கே 4 மில்லி கொடுத்த பழக்கத்தில் அந்தச் சொட்டு மருந்தை 4 மில்லி ஊற்றினால் 400 மில்லிகிராம் போய்விடும். இங்கிருந்தே ஒரு பாட்டில் எடுத்துப் போவது நல்லது. குழந்தையின் பாலுக்கும் மருந்துக்கும் 100 மில்லி வரம்பு இல்லை. சோதனையில் வெளியே எடுத்துக் காட்டினால் போதும்.

சளி போனபிறகும் இரண்டு மூன்று வாரம் இருமல் நீடிப்பது வழக்கம். குழந்தை நன்றாகப் பால் குடித்து, விளையாடி, சிரித்தால் அந்த இருமலோடு பறக்கலாம். கிளம்பும் அன்று, தூங்கும்போது சட்டையை விலக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலோ, விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, வழக்கத்தில் பாதிப் பால்கூடக் குடிக்காவிட்டாலோ, காய்ச்சல் இருந்தாலோ விமானத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். கேபினில் கிடைக்கும் ஆக்சிஜன் தரையில் இருப்பதைவிடக் குறைவு. குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் தொல்லை இருந்த குழந்தைக்கு மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் பறக்கவே வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும், கூடவே எடை ஏறாமலும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை கேளுங்கள். குழந்தையின் எடையும் தடுப்பூசியும் குறித்துவைக்கும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

காது வலி மட்டுமே கவலை என்றால், உள்ளூர்ப் பயணத்துக்குச் சாலையும் இருக்கிறது. வான் ரீனன் கணவாய் வழியாக என்3 சாலையில் ஆறு மணி நேரம். காதுக்கு அழுத்த மாற்றம் இங்கும் உண்டு, ஆனால் மெதுவாக இறங்குவதால் காது ஈடுகொடுக்கும். கணவாயில் இறங்கும்போது மட்டும் டம்மி கொடுத்தால் போதும்.

தரையிறங்கிய பிறகு அழுகை ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டால் பிரச்சினை இல்லை. மறுநாளும் காதைப் பிடித்து இழுத்து அழுதால், அல்லது காதிலிருந்து நீரோ சீழோ வந்தால், திரும்பும் டிக்கெட்டுக்கு முன்பே காதைக் காட்டிவிடுங்கள். சீழ் வரும் காதில் எந்தச் சொட்டு மருந்தும் நீங்களாக ஊற்றாதீர்கள்.